காலக்கதவைத் திறந்து வைத்தவள்

ஞாயிறு மதியம் தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கதை விளையாட்டை நடத்துவது அக்காதான். அவள் கதை சொல்வாள். தம்பியும் அவன் மனைவியும், ‘குழாய்’ என்று எல்லோரும் கூப்பிடும் பிளம்பரும் விண்கப்பல் மாலுமிகளாகிப் பகடை உருட்டுவார்கள்; விழும் எண்ணைப் பொறுத்துத்தான் அவர்கள் நினைத்தது நடக்கும். ஒரு வருஷமாக நல்லபடியாகத்தான் போனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவளேதான்: கதைக்குள் ஒரு காலக்கதவை வைத்தாள். பழைய காலத்துக்குப் போய் ஒரு வரைபடத்தை எடுத்து வரவேண்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

தம்பி அந்தக் கதவை விடவில்லை. சண்டையில் தோற்றால் கதவு. பேரம் படியாவிட்டால் கதவு. குழாயின் கதாபாத்திரம் செத்தபோது முந்தின நாளுக்குப் போய் உயிரோடு இழுத்து வந்துவிட்டான். அவள் கதவுக்குக் காவல் போட்டாள். காவல்காரனை அடித்துப்போட்டு உள்ளே போனவன், அந்த ஆளை யாரும் வேலைக்கே எடுக்காதபடி பண்ணிவிட்டுத் திரும்பினான். வாரமெல்லாம் லென்ஸ் தேய்த்துக்கொண்டே அவள் யோசித்து வைத்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

“ஒவ்வொரு தடவையும் இப்படிப் பண்ணினா நான் எதுக்குடா கதை சொல்லணும்?”

“கதவை வச்சது யாரு? நீதானே?”

அவன் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

ஒருவழியாக, கதையின் வில்லனான பேரரசன் மாலுமிகளின் எதிரே வந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே தம்பி கையை உயர்த்தினான்.

“நான் கதவு வழியா பழைய காலத்துக்குப் போறேன். இவனோட அப்பா அம்மாவுக்குக் கல்யாணமே நடக்காம பண்றேன்.”

“அடப்பாவி!” என்றாள் அவன் மனைவி.

உருட்டினான். பாழாய்ப்போன பகடையும் அவன் பக்கமே விழுந்தது.

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். “சரி. பேரரசன் பிறக்கல. அதனால போர் வரல. போர் வராததால போர்க்கப்பல் எதையும் யாரும் கட்டல, உங்க கப்பலையும் சேர்த்துத்தான். ஏதோ ஒரு துறைமுகத்துல நிக்கிறீங்க.”

“கதவு?”

“அதையும் போருக்காகத்தான் கண்டுபிடிச்சாங்க.”

“இது பழிவாங்குற வேலை, அக்கா!” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “துறைமுகத்துல குழாய் ஏதாவது ஒழுகுதா?” என்றார் பிளம்பர். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேரரசனுக்காக அவள் எழுதிய வசனத்தை இனி யார் பேசுவது?

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

“துறைமுகத்துல இவங்க என்ன பண்றாங்க?”

“மூட்டை தூக்குறாங்க.”

“எனக்கும் ஒண்ணு கொடு.”

உருட்டினான். இந்தத் தடவை பகடை கைவிட்டது; கதையில் மூட்டை அவன் காலிலேயே விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். ஒரு வருஷக் கதை மூட்டை தூக்குவதில் வந்து நிற்கிறதே என்ற ஆற்றாமையோடு, “நொண்டிக்கிட்டே அடுத்ததைத் தூக்கு” என்றாள் அவள்.