சிவந்த விரல்களுக்கு நாலு வரி

1

அக்கா கேட்டது நாலு வரிக் கடிதம். அதைக் கதையாக்கியது என் தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பூக்கடையில் மலர்க்கொத்து கட்டுகிறாள். பத்து நாளாக விரல்கள் சிவந்து, தடித்து, அரிக்கின்றன. கொத்து வாங்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாளாம். ஒட்டிக்கொள்ளுமா என்று முதலாளியம்மாவிடம் கேட்டாளாம். அவர் பயந்துபோய், ஆறும்வரை பின்னறையில் இரு என்று சொல்லிவிட்டார்.

பின்னறை என்பது பூ வாடாமல் வைக்கும் குளிர் அறை. விரல் சிவந்ததே அங்கேதான். அதனால்தான் முதலாளியம்மாவுக்கு அந்தக் கடிதம்: இது ஒட்டாது, அக்காவை முன்னால் நிற்க விடுங்கள் என்று.

2

தொடக்கம், முதல் முயற்சி: "குளிர்காலம் அவள் விரல்களில் செம்பூக்களாய் மலர்ந்து"

[அடித்துவிட்டேன். அக்கா படித்தால் தொலைந்தேன்.]

இரண்டாவது: "குளிரில் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்தக் கையைச் சட்டென்று சூட்டில் வைத்தால் ரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து, கசியும். வீக்கமும் அரிப்பும் அதனால்தான்."

இதில் கதை இல்லை. விஷயம் இருக்கிறது. இருக்கட்டும்.

3

கதைக்கு வில்லன் வேண்டும். முதலாளியம்மாவை வைத்துப் பார்த்தேன். தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி அக்காவுக்குக் கொடுத்தவர் அவர். சரிவரவில்லை.

மிச்சம் அக்காதான். குளிர் அறையிலிருந்து வந்ததும், ஈரக் கையை ஹீட்டரில் வைத்து இஸ்திரி போடுவாள்.

"சுகமா இருந்துச்சுடா. நான் என்னத்தைக் கண்டேன்?"

அக்கா போய்ப் பார்த்த டாக்டர் அதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார். கையைத் துடைத்து, மெல்லச் சூடேற விட வேண்டும். உள்ளே போகும் முன்பே கையுறை போட வேண்டும். சொறியக் கூடாது. குளிர் படாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆறாமல் இழுத்தாலோ சீழ் வைத்தாலோ மறுபடி வர வேண்டும். யாருக்கும் ஒட்டாது.

(அடிக்குறிப்பு: இதை என்னிடம் சொல்லும்போது அவள் சொறிந்துகொண்டிருந்தாள். எழுதும்போது நானும்.)

4

முடிவு, ஒன்று: முதலாளியம்மா கண்கலங்கி

இல்லை. அவர் அழுகிற ரகமில்லை.

முடிவு, இரண்டு: அக்கா வேலையை விட்டுவிட்டு

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"நாலு வரி கேட்டா நாலு பக்கம் இழுக்குறே. நான் ஏன்டா வேலையை விடணும்? வர்றவங்க முகத்தைப் பார்த்துதான் நான் கொத்தே கட்டுவேன். பின்னாடி உக்காந்தா யாருக்குக் கட்டுறேன்னே தெரியல."

பேனாவை மூடினேன். கதை அவளிடம் இருந்திருக்கிறது. நான் ஹீட்டரில் தேடிக்கொண்டிருந்தேன்.

5

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். முதலாளியம்மா இரண்டு முறை படித்தாராம். சரி, முன்னால் நில் என்றாராம். வருகிறவர்கள் முகம் சுளித்தால் என்ன செய்வது என்றும் கேட்டாராம். நியாயமான கேள்வி. கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

இன்று காலை கடை திறந்தாயிற்று. அக்கா முன்னால் நிற்கிறாள். விரல்கள் இன்னும் சிவப்புதான். முதல் ஆளாக நீங்கள் நுழைகிறீர்கள். அவள் உங்கள் முகத்தை ஒரு கணம் பார்க்கிறாள். வெள்ளையில் நாலு, மஞ்சளில் ஒன்று எடுத்துக் கட்டி, நீட்டுகிறாள்.

முடிவு, மூன்று:

நீங்கள்