சுவரில் ஒட்டாத கழுத்து

எங்கள் தையல் கூடத்தின் ஆண்டு விழாவில் பாடக் குரல் தேவையில்லை, முதுகு இருந்தால் போதும். இதைக் கண்டுபிடித்தவர் முதலாளியின் மச்சான். வேறு எந்த வேலையும் அவருக்குப் பிடிபடாததால் பாட்டுப் பயிற்சியை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் பன்னிரண்டு பேரையும் துணி அடுக்கும் அறையில் சுவரோரமாக நிறுத்தினார். குதிகால், இடுப்பு, தோள், பின்மண்டை நான்கும் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் முன்வரிசை, ஒட்டாவிட்டால் பின்வரிசை. யாரையும் பாடச் சொல்லவில்லை. நேரத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது.

என் சித்தியின் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் தாராளமாகப் போய் வந்தது. இருபத்திரண்டு வருஷம் காலர் தைத்த கழுத்து. ஊசி எங்கே இருக்குமோ அங்கேதான் பார்க்கும்.

"என்னம்மா, தரையில எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல சார். அந்தத் தனிப்பாட்டு நாலு வரி இருக்கே, அதை நான் பாடலாமான்னு..."

"பாட்டு கிடக்கட்டும். முதல்ல நேரா நில்லுங்க."

மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் ஒரே குரல் சித்தியுடையது. இத்தனை வருஷத்தில் அவள் ஜன்னலோர இடத்தைக்கூடக் கேட்டதில்லை. இந்த நாலு வரியைத்தான் கேட்டாள். அது வரவேற்பறை அக்காவுக்குப் போயிற்று. அக்காவுக்கு நான்கும் கச்சிதமாக ஒட்டின. குரல்தான் எண்ணெய் காணாத கதவு மாதிரி. குரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சான் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

சித்தி விடவில்லை. தினமும் வேலை முடிந்து நாங்கள் வந்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். கட்டிலில் படுத்தபடி சித்தப்பா கேட்டார்:

"என்ன, சுவருக்கு முட்டுக் கொடுக்கிறியா? வீட்டுக்காரர் பார்த்தா ரொம்ப சந்தோஷப்படுவார்."

"முதல்ல உங்க வாய்க்கு ஒரு முட்டுக் கொடுக்கணும்."

ஒன்பதாம் நாள் மண்டை சுவரைத் தொட்டது. "பாடு சித்தி!" என்றேன். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நெஞ்சு நிமிர்ந்த விறைப்பில் மூச்சு இறங்க வழியில்லை. அலுத்துப்போய் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, காலை ஊன்றி, தோளைத் தளரவிட்டாள். குரல் தானாக வந்தது.

"அடிவயித்துலேர்ந்து வருதுடி!" என்றாள், ஏதோ திருட்டுப் போன பொருள் அகப்பட்ட மாதிரி.

மறுநாள் மச்சானிடம் சொன்னாள். நாற்காலியில் பாதி வழுக்கி, தாடையைக் கையில் தாங்கியிருந்த அவர் முகம் சுளித்தார்.

"உட்கார்ந்து பாடுறதா? நிக்கிற நிலைதாம்மா பாட்டுக்கு உயிர். நீங்க பின்வரிசையில வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்."

விழா அன்று மேடை ஏறுமுன் கடைசி உத்தரவு வந்தது: "முட்டியை மடக்காமப் பூட்டிக்கோங்க! ஒருத்தரும் அசையக் கூடாது!"

பூட்டிக்கொண்டோம். பாட்டுக்கு முன் முதலாளி இரண்டே இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொல்லி முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். பின்வரிசையில் நாங்கள் திருட்டுத்தனமாகக் கால் மாற்றிக்கொண்டோம். முன்வரிசை சொன்ன பேச்சைக் கேட்டது.

ஒருவழியாகப் பாட்டு தொடங்கித் தனிப்பாட்டு இடம் வந்தது. அக்கா வாயைத் திறந்தாள். முகம் வெளுத்தது. அப்படியே சாய்ந்தாள், விழும்போதும் முட்டி மடங்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி. யாரோ ஓடி வந்து ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் தெளித்து, பிறகு கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். கீபோர்டுக்காரர் அதே இசையைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருத்தியும் அசையவில்லை. அசையக் கூடாது என்றல்லவா உத்தரவு.

என் பக்கத்தில் இருந்த சித்தி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். காலியாகக் கிடந்த ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். தையல் மெஷின் பெடலைத் தேடுவதுபோல் இரண்டு பாதத்தையும் ஊன்றினாள். மைக்கை இறக்கினாள். பாடினாள்.

கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள். விழா பார்க்க வந்திருந்த சித்தப்பா வாயைத் திறந்தவர் மூட மறந்திருந்தார்.

நாலு வரி முடிந்தது. மேடையோரத்தில் மச்சான் இரண்டு கையையும் மேலே மேலே தூக்கி, எழுந்திரு, எழுந்திரு என்று தவித்தார். கைதட்டச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் தட்டித் தீர்த்தது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியை மறுபடி எடுத்தாள்.