மூன்று விரல்

சோமசேகரத்தின் இயந்திரப் படகு முதன்முதலாகக் கடலில் இறங்கியபோது அந்தக் கரையில் பாதிப்பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தார்கள். காங்கேசன்துறைக்குக் கிழக்கே இருந்த சிறிய கடற்கரை ஊர் அது. அரசாங்கத் திட்டத்தில் அந்த ஊருக்குக் கிடைத்த முதல் படகு என்பதால் சோமசேகரம் அதற்கு நல்ல நீல நிறம் அடித்து, முன்பக்கத்தில் சந்தனம் பூசியிருந்தார்.

"இனி எங்களுக்குக் காத்துமில்லை, பருவமுமில்லை" என்று கரையில் நின்றவர்களிடம் சொன்னார். பெருமைக்காகச் சொன்னதல்ல. பாய்விரித்து ஓடிய காலத்துப் பயங்களெல்லாம் இஞ்சின் வந்ததோடு ஒழிந்துபோயின என்று அவர் மனதார நம்பினார்.

படகை ஓட்டியது அவருடைய தம்பி தில்லைநாதன். கூடப் போவது கந்தப்பு. இருவரும் சிறு வயதிலிருந்து ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள்.

அது 1964ஆம் ஆண்டு. மார்கழியில் வாடைக்காற்று பலத்ததும் மற்றவர்கள் வழக்கம்போல வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டார்கள். சந்தையில் மீன் இல்லை. கொண்டுபோகிறவன் சொன்னதுதான் விலை. ஒரு மத்தியானம் வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றும், மீனவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கந்தப்பு அதைத் தேநீர்க்கடையில் கேட்டுவிட்டு நேரே சோமசேகரத்திடம் வந்தான்.

"அண்ணை, றேடியோவிலை காத்து வருமெண்டு சொல்லுறாங்கள்."

"நானும் கேட்டனான். அது திருகோணமலைப் பக்கத்துக்கு."

"எங்கையெண்டு சொல்லேல்லையே."

"எங்களுக்கெண்டால் பேர் சொல்லியிருப்பாங்கள். இப்ப எல்லாம் மிசின் வைச்சுப் பாத்துத்தான் சொல்லுறாங்கள், கந்தப்பு. உன்ரை கொப்பர் மேகத்தைப் பாத்துச் சொன்ன காலமில்லை இது."

கந்தப்பு தில்லைநாதனைப் பார்த்தான். தில்லைநாதன் எரிபொருள் கலனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அவர்கள் கடலுக்குப் போன மறுநாள் புயல் வந்தது. பனைகள் முறிந்தன. கரையில் ஏற்றி வைத்த வள்ளங்கள்கூட வேலிகளுக்கு மேலே கிடந்தன. கடல் அடங்கிய பிறகு ஊரார் நெடுந்தூரம் நடந்து தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை. கிழக்குப் பக்கத்தில் ஒரு பலகை மட்டும் ஒதுங்கியிருந்தது. அதில் நீல நிறம் இருந்தது. சோமசேகரம் அதைப் புரட்டிப் பார்த்தார். நிறத்தை நகத்தால் சுரண்டினார்.

"நீலப் பெயின்ற் எல்லாரும்தான் அடிக்கினம்" என்று சொல்லிவிட்டு அதைத் திரும்பவும் மணலில் போட்டார்.

அந்தக் கரையில் நீலப் படகு அவருடையது ஒன்றுதான்.

அன்று மாலை அவர் தம்பியின் மனைவி பராசக்தியிடம் போனார். அவள் ஐந்து வயது மகள் மகாதேவியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"பிள்ளை, அழாதை. இஞ்சின் போட்ட போட் தாழாது. காத்து அவங்களை அங்காலை இந்தியாவுக்குத் தள்ளியிருக்கும். பாஸ்போட் இல்லாமல் கரை இறங்கினால் அங்கை பிடிச்சு மறியலிலை அடைச்சு வைப்பாங்கள். விசாரிச்சுப்போட்டு விடுவாங்கள். அரசாங்கத்துக்கு அரசாங்கம் கதைக்க வேணும், அதுதான் சுணக்கம்."

பராசக்தி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மூன்று நாட்களாக யாரும் அவளிடம் அவனை உயிரோடு இருப்பவனாகச் சொல்லவில்லை. அவள் எழுந்து முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டாள்.

கந்தப்புவின் மனைவி தங்கமுத்து அப்படிக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் நால்வர். உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையால் உருச் செய்து எரித்து, கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கும் முடித்து, வெள்ளைச் சீலையோடு ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள். போகிற வழியில் பராசக்தியின் வேலிப் படலையில் நிற்பாள். இருவரும் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு மட்டும் வராது.

ஆண்டுகள் போயின. அரசாங்கம் மாறியது. "புது ஆக்கள் வந்திட்டினம், இனி இந்தியாவோடை கதைப்பினம்" என்றார் சோமசேகரம். அடுத்த தேர்தலில் திரும்பவும் மாறியது. அப்போதும் அதையே சொன்னார். கச்சதீவைப் பற்றி இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வந்த அன்று, பத்திரிகையைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். "பாத்தியா பிள்ளை, இரண்டு பேரும் சிநேகிதமாகியிட்டினம். தீவையே தாறவை ஆளைத் தராமல் விடுவினமோ?" பராசக்தி வீட்டை மெழுகி, அவனுடைய சாரங்களைத் தோய்த்துக் காயப்போட்டாள். அவை காய்ந்தன. திரும்பவும் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஊரில் யாரும் அந்த நம்பிக்கையை மறுத்துப் பேசவில்லை. சோமசேகரம் நல்ல மனிதர். தம்பி குடும்பத்துக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. அவரைக் கொலைகாரன் ஆக்க யாருக்கும் மனமில்லை. பராசக்திக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. அவன் மறியலில் இருக்கும் வரையில் கலியாண வீடுகளில் அவள் முன்னால் நிற்கலாம். ஆரத்தி எடுக்கலாம். ஆனால் வீட்டுக்குள் அவனுக்கு ஓர் இடம் இருந்துகொண்டே இருந்தது. அவன் படுக்கும் மூலையில் மகாதேவியை அவள் படுக்க விடுவதில்லை. சமைக்கும்போது ஒரு பிடி கூடப் போடுவாள். மழை நாட்களில், யாரோ ஈரக் காலோடு உள்ளே வந்து நிற்பதுபோல முதுகில் ஒரு குளிர் படும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

1978இல் மகாதேவிக்கு நெல்லியடியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய் மரியாதையாகத்தான் கேட்டாள். "பிள்ளையின்ரை தகப்பன் இருக்கிறாரோ, இல்லையோ?"

"இருக்கிறார்" என்றார் சோமசேகரம்.

"எங்கை?"

அவர் இந்தியாவைப் பற்றியும் மறியலைப் பற்றியும் சொன்னார். அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தகப்பன் வந்த பிறகு பேசலாம் என்று எழுந்து போனாள். மகாதேவி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து தாயிடம் சொன்னாள்:

"அம்மா, அவர் வருவார் எண்டால் வரச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் போகச் சொல்லுங்கோ. எனக்கு இந்த வீட்டிலை மூச்சு விடேலாமல் கிடக்கு."

அடுத்த மாதம்தான் பஞ்சலிங்கம் வந்து சேர்ந்தான். காங்கேசன்துறையைச் சேர்ந்தவன். கடத்தலில் அகப்பட்டு அக்கரையில் பல வருடங்கள் மறியலில் இருந்து விடுதலையானவன். சோமசேகரம் அன்றைக்கே பராசக்தியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனார்.

தமக்கை வீட்டு முற்றத்தில் ஒரு கதிரையில் அவன் இருந்தான். மெலிந்திருந்தான். யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவனிடம் ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்கள் மகனை, மச்சானைப் பற்றிக் கேட்டுப் போயிருந்தார்கள். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

"தில்லைநாதன் எண்டு ஒரு ஆள்" என்று சோமசேகரம் தொடங்கினார். "உயரம். கொஞ்சம் கறுப்பு. கனக்கக் கதைக்க மாட்டான்."

"ஓம், ஓம். கதைக்க மாட்டார்."

"இஞ்சின் வேலை தெரிஞ்சவன்."

"ஓம். அங்கை உள்ள மிசினெல்லாம் அவர்தான் திருத்துறவர்."

சோமசேகரத்தின் கண்கள் கலங்கின. பராசக்தி இவ்வளவு நேரமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மனிதனை நம்ப வேண்டும் போலிருந்தது. அந்த ஆசையின் கனத்தில் அவளுக்கே பயம் பிடித்தது. வாய் தானாகத் திறந்தது.

"அவருக்கு வலக்கையிலை மூண்டு விரல்தானே?"

"ஓம் அக்கா" என்றான் பஞ்சலிங்கம் உடனே. "மூண்டு விரல்தான். அந்தக் கையாலைதான் வேலை செய்வார். பாக்கப் பாவமாய் இருக்கும்."

தில்லைநாதனுக்குப் பத்து விரல்களும் இருந்தன. பராசக்தி மெல்லத் திரும்பிச் சோமசேகரத்தைப் பார்த்தாள். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கைபிடித்து நீந்தப் பழக்கியவர்.

அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். "ஓம், மூண்டு விரல்" என்றார். "அவன்தான். வேறை ஆர்?"

திரும்பி வரும்போது அவர் வழி நெடுக அதையே பேசினார். முதலில் அந்தக் கை இஞ்சினில் சிக்கியிருக்கும் என்றார். பிறகு, மறியலில் அடித்திருப்பார்கள் என்றார். ஊர் வந்து இறங்கும்போது, சின்ன வயதில் விறகு கொத்தும்போது வெட்டுப்பட்டது, தான்தான் பரியாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று சொன்னார். பராசக்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு கிழமைக்குள் அவள் தங்கமுத்துவிடம் போய், "எனக்கும் செய்து தா" என்று மட்டும் சொன்னாள். தங்கமுத்து என்ன என்று கேட்கவில்லை. சோமசேகரம் வர மறுத்துவிட்டதால் தங்கமுத்துவின் மூத்த மகன்தான் தர்ப்பை உருவுக்குக் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் காரியம் முடிந்து, மகளும் அவளும் ஈரத்தோடு படியேறி வந்தார்கள். தாலியில்லாத கழுத்து அவளுக்குப் பாரமில்லாமல் இருந்தது. அன்று மகாதேவி தகப்பனுடைய மூலையில் பாயை விரித்துப் படுத்து நன்றாகத் தூங்கினாள். அடுத்த ஆனியில் அதே நெல்லியடி மாப்பிள்ளையோடு அவளுக்குக் கலியாணம் நடந்தது. பராசக்தி பின்னால் நின்று பார்த்தாள்.

சோமசேகரம் கலியாணத்துக்கு வந்தார், உண்டார், மகாதேவியை ஆசீர்வதித்தார். "கொப்பர் வந்து கோவிக்கப் போறார்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்த மறுநாள், மத்தியான வெயிலில், அவர் பராசக்தியின் படலையில் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு மனிதன். தாடி, அழுக்கு வேட்டி, ஐம்பது வயதிருக்கும். கோயில் வீதியில் கையேந்துகிறவர்களில் ஒருவன்.

"பிள்ளை, ஆர் வந்திருக்கிறான் எண்டு பார்."

அந்த மனிதன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். சோமசேகரம் அதை மெதுவாக இழுத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி அவளுக்குக் காட்டினார். அதில் மூன்று விரல்கள் இருந்தன.

பராசக்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அந்த ஆள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுது எண்டுதான் சும்மா கேட்டனான். அவருக்கு எல்லா விரலும் இருந்தது. உங்களுக்குத் தெரியும்."

சோமசேகரம் கோபப்படவில்லை. அவள்மேல் இரக்கப்படுவதுபோலப் பார்த்தார்.

"நீ மறந்துபோனாய், பிள்ளை" என்றார். "பதினைஞ்சு வருசம். ஆரும் மறப்பினம்தான்."

அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாடி மழித்தார்கள். புதுச் சாரம் வாங்கிக் கொடுத்தார். ஊர் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பதை விட்டது. அவன் தில்லைநாதன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். சோமசேகரம் தினமும் அவனுக்குப் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் அவனே சொல்லத் தொடங்கினான். இஞ்சின் எப்படி நின்றது, அலை எந்தப் பக்கத்தால் வந்தது, கந்தப்பு என்ன செய்தான் என்றெல்லாம் சொன்னான். சோமசேகரம் முன்னால் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கதையின் ஓரிடத்தில் அவன் எப்போதும், "அண்ணையிலை பிழையில்லை" என்று சொல்வான்.

ஒரு நாள் தங்கமுத்துவின் மகள் ஓடி வந்து, அம்மா சம்மாட்டியார் சோமசேகரத்தின் வீட்டில் போய் இருக்கிறாள், கூப்பிட்டாலும் வருகிறாள் இல்லை என்று பராசக்தியிடம் சொன்னாள். பராசக்தி போனாள். அந்த மனிதன் வந்ததிலிருந்து அவள் அந்த ஒழுங்கையால் நடந்ததேயில்லை.

முற்றத்து வேப்பமர நிழலில் அவன் இருந்தான். அவனுக்கு முன்னால் மீன் கடகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தங்கமுத்து நிலத்தில் குந்தியிருந்தாள். கடகத்தில் ஈ மொய்த்தது. பராசக்தி அவள் தோளைத் தொட்டாள்.

"எழும்பு தங்கமுத்து. இவன் ஆரெண்டு உனக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"எல்லாம் பொய்."

"பொய்தான்" என்றாள் தங்கமுத்து, அவனிடமிருந்து கண்ணை எடுக்காமல். "என்ரை மனுசன் கடைசியா என்ன கதைச்சவர் எண்டு இவ்வளவு நாளும் ஒருத்தர் எனக்குச் சொல்லேல்லை. இவர்தான் சொல்லுறார். கொஞ்சம் பொறு. சொல்லி முடிக்கட்டும்."

அவன் பராசக்தியை நிமிர்ந்து பார்த்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, ஒரு புருசன் பெண்சாதியோடு கதைப்பதுபோலக் கதைத்தான்.

"நீ நினைக்கிறது மாதிரி இல்லை" என்றான். "தண்ணி குளிரேல்லை."

பராசக்தி போக வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவனுடைய அடுத்த சொல்லுக்காக நின்றாள். தங்கமுத்து கடகத்தை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டாள்.