ஜன்னல் பக்கக் கன்னம்

அக்காவின் வலது கன்னத்தில் இருந்த புள்ளியை டாக்டர் வெட்டி எடுத்த அன்றே, அவளுக்குப் பதிலாக நான் வேன் ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது. நாங்கள் இரட்டையர். கொஞ்சம் முந்திக்கொண்டு வந்ததால் அவள் அக்கா. வேறு வித்தியாசம் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது.

அவள் ஒரு சலவை நிலையத்தில் டிரைவர். ஹோட்டல்களுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றி வர வேண்டும். வருடக்கணக்காக ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து வலது கன்னம் மட்டும் அம்மாவின் வயதுக்குப் போய்விட்டது. கறுத்து, தடித்து, கண்ணோரம் கசக்கிப் போட்ட துணி மாதிரி. இடது கன்னம் என் வயதிலேயே நிற்கிறது. நான் படிப்பைப் பாதியில் விட்டவள். கிடங்கில் இரவு வேலை பார்த்து அதையும் விட்டவள். வெயிலுக்கு என்னைத் தெரியாது. வீட்டில் என்னை ஆந்தை என்பார்கள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தானே ஓட்டினேன் என்று அக்கா டாக்டரிடம் வாதாடியிருக்கிறாள். சுடுகிற கதிரைத்தான் கண்ணாடி தடுக்கும், தோலைக் கிழடாக்குகிற கதிர் உள்ளே வந்துவிடும் என்றாராம். மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், பகலில் மறுபடி மறுபடி பூச வேண்டும். அதெல்லாம் கல்யாணப் பெண்களுக்கு என்று இத்தனை நாள் சிரித்தவள், கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஒரு டியூப் வாங்கி வந்தாள்.

காயம் ஆறும்வரை வெயில் படக்கூடாது. லீவு கேட்டால் வண்டி கைமாறிவிடும். கால் ஒடிந்து லீவில் போன ஒரு டிரைவர் திரும்பி வந்து இன்றும் மூட்டைதான் தூக்குகிறார். வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் மேனேஜர் அவரை அனுப்பினார்.

ஆகவே காலையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொஞ்சம் தேயிலைச் சாயம், கொஞ்சம் புருவ மை. சின்ன வயதிலிருந்தே எங்களுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. அவளைப் பார்த்து நான் வகிடு எடுப்பேன், என்னைப் பார்த்து அவள். அப்படியே அவள் முகத்தைப் பார்த்து என் கன்னத்தைக் கறுப்பாக்கினேன், கண்ணோரம் கோடு இழுத்தேன். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அச்சு அசல் நானேதான். பாவம்டி நீ."

வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். மேனேஜர் ஜன்னலோரம் வந்து கையெழுத்து நோட்டை நீட்டினார். என் வலது கன்னத்தைப் பார்த்தார். நான் திரும்பினேன். இடது கன்னத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரே நாள்ல ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் மாத்திட்டாங்களா?"

அப்போதுதான் புரிந்தது. எதிரே இருப்பவளின் வலது எனக்கு இடது; சாயத்தை இடது கன்னத்தில் பூசியிருக்கிறேன். பொய் சொல்லவும் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. சொந்தமாக லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அப்ப மூஞ்சியக் கழுவிட்டு உன் பேர்லயே ஓட்டு. ஆளில்லாம வண்டி நிக்கக்கூடாது. அக்கா வந்தா பாத்துக்கலாம்."

குழாயடியில் கழுவினேன். மை போனது, சாயம் சரியாகப் போகவில்லை. அப்படியே ஓட்டினேன். மதியத்துக்குள் வலது பக்கம் மட்டும் அடுப்போரம் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு ஹோட்டல் காவலாளி என்னை அக்கா என்றே நினைத்து, முகம் தெளிஞ்சிருக்கே, என்ன பூசறே என்று கேட்டார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அக்கா பக்கம் மாறிய கதைக்குச் சிரிக்கப் பார்த்தாள். பிளாஸ்திரி இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பாத்துக்கலாம்னா சொன்னாரு?"

"ஆமா."

"சரி."

நான் போகவில்லை, வேண்டுமானால் நாளைக்கே விட்டுவிடுகிறேன் என்றேன். விட்டால் வேறு எவனாவது உட்காருவான், வீட்டில் ஒருத்தியாவது வேலைக்குப் போக வேண்டாமா என்றாள். எதையும் விடுவதில் எனக்கு இருந்த திறமை அன்று உதவவில்லை.

மறுநாள் காலை நான் செருப்பை மாட்டும்போது டியூபோடு வந்து எதிரே நின்றாள்.

"முகத்தக் காட்டு."

"ஆறினதும் உனக்கு வேணுமே அது."

"மூட்டை தூக்கறது ஷெட்டுக்குள்ளதான். அங்க ஏது வெயிலு?"

விரலில் பிதுக்கி என் வலது கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். இந்தத் தடவை பக்கம் மாறவில்லை.