பதினான்கு விநாடி

அந்த இசைத்தட்டுத் தொழிற்சாலையில் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சாகி வரும் முதல் மாதிரித் தட்டைச் சின்னக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பது அவள் வேலை. எங்கே பொரிகிறது, எங்கே கீறல் சத்தம் வருகிறது, எங்கே முள் தாவுகிறது என்று நிமிடம் விநாடியோடு சிவப்புப் பேனாவால் தாளில் எழுத வேண்டும். ஒரு பக்கம் முடியும்வரை முள்ளைத் தூக்கக் கூடாது; தூக்கினால் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான தட்டுகள் கேட்டிருக்கிறாள், ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. "நேத்து வந்தது அழுகைப் பாட்டா, ஆட்டப் பாட்டா?" என்று பேக்கிங்கில் இருப்பவர்கள் சீண்டினால், "ரெண்டாம் பக்கம், மூணாவது நிமிஷம், ஒரு பொரிச்சல்" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். இருக்கட்டுமே, வேலை தெரிந்தவள் கர்வப்படாமல் வேறு யார் படுவது?

அந்தக் கர்வம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மண்ணைக் கவ்வியது.

வந்தது ஒரு பஸ் டிரைவர் பாடிய ஆல்பம். ஐம்பது வயதுப் பெண்மணி, முதல் ஆல்பம், எட்டுப் பாட்டு. ஒரு கிட்டார், ஒரு டிரம், அவ்வளவுதான். காது வழக்கம்போல முள்ளை வைத்துப் பேனா மூடியைத் திறந்தாள். முதல் வரியிலேயே அந்தக் குரல் அனுமதி கேட்காமல் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. மூன்றாவது பாட்டில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தட்டை எப்போது திருப்பிப் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஏழாவது பாட்டில், ஒரு வரியின் நடுவில், பாடகி நின்றுவிட்டார். வாத்தியங்களும் நின்றன. மூச்சு கேட்டது, மூக்கை உறிஞ்சியது கேட்டது. எதிரே இருந்த கடிகாரத்தில் பதினான்கு விநாடி ஓடியது. பிறகு விட்ட சொல்லிலிருந்தே எடுத்து, குரல் பிசகாமல் பாடி முடித்தார்.

காதுக்குக் கண்ணீர் கொட்டியது. பாட்டு சோகமாக இருந்ததால் இல்லை. அந்தப் பதினான்கு விநாடியும் யாரும் குறுக்கே பேசவில்லையே, அதனால்.

மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் வீட்டை விட்டு அவள் வந்தபோது, குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து, "ஏன் வந்தே, சொல்லு" என்றது. "அவர் என்னை..." என்று ஆரம்பித்தவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பாள். அக்கா புருஷன் முந்திக்கொண்டார். "பாத்தீங்களா, பதில் இல்ல. தப்பு இவ மேலதான்" என்றார். அதுவே தீர்ப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறாள். இங்கே சோதனைப் பிரிவு சூப்பர்வைசரும் அவரேதான்.

தட்டு முடிந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது. முகத்தைத் துடைப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு மாமா வந்தார், பின்னாலேயே ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர்.

"ஏழாவது பாட்டுல ஒரு இடம் நிக்குதே, பாத்தீங்களா மேடம்?" என்றார் கம்பெனிக்காரர். "வாங்கறவங்க தட்டுதான் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க. வெட்டி ஒட்டிடலாம்னா அந்தம்மா விட மாட்டேங்கறாங்க. சோதனையில கோளாறுன்னு எழுதின இடத்துல மட்டும்தான் கை வைக்கலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டாங்க. நீங்க ஒரு வரி எழுதிட்டா போதும்."

"அது கோளாறு இல்லையே" என்றாள்.

மாமா தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே எழுதல! தூங்கிட்டியா?"

"தூங்கல மாமா. பாட்டுக் கேட்டேன்."

தூங்கினேன் என்று சொல்லியிருந்தால்கூட அந்த இடத்தில் மன்னிப்பு கிடைத்திருக்கும். காதுக்கும் அது தெரியும். "தப்புதான். மறுபடி கேக்கறேன்" என்று இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். நாற்பத்தோரு நிமிடம். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டைத் தள்ளிவைத்தாள். இரண்டு பொரிச்சல் அகப்பட்டது, இரண்டையும் விநாடி பிசகாமல் எழுதினாள். ஏழாவது பாட்டுக்கு நேராக, வழக்கத்துக்கு மாறாக, 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இருவரையும் திரும்பக் கூப்பிட்டாள். மாமா தாளைப் படித்தார். முகம் சிவந்தது. "என் மானத்தை வாங்கணும்னே கிளம்பியிருக்கியா? அதை அடிச்சுட்டுக் கோளாறுன்னு எழுது."

"மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"என் வீட்டுல இருந்துக்கிட்டு என்கிட்டயே..."

"வீட்டையும் எடுத்துக்குங்க மாமா. அந்தப் பதினாலு விநாடியை மட்டும் எடுக்க விட மாட்டேன்." அவள் குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "தட்டுல குத்தம் இருந்தா எழுதறது என் வேலை. ஒரு பொம்பளை அழுது முடிச்சுட்டு மேல பேசறதைக் குத்தம்னு எழுத என்னால ஆகாது. கையெழுத்துப் போடற அதிகாரம் உங்களுக்கும் இருக்குல்ல? நீங்களே எழுதிக்குங்க. ஆனா முறைப்படி கேட்டுட்டு எழுதுங்க. முதல்லேருந்து, முள்ளைத் தூக்காம."

கம்பெனிக்காரர் எதிரே முறையைப் பற்றி மாமாவால் தர்க்கம் பண்ண முடியவில்லை. முறைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினார்.

காது வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். வீராப்பாகப் பேசியாகிவிட்டது. ராத்திரி எங்கே படுப்பது? அக்காவிடம் என்ன சொல்வது? பேக்கிங்கில் வேலை பார்க்கும் சிநேகிதிக்குத் தனி அறை உண்டு, ஒரு வாரம் இடம் கொடுப்பாள். கண்ணாடிக்குள் மாமாவின் முதுகு மட்டும் தெரிந்தது. முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பினார். கம்பெனிக்காரர் பத்துத் தடவை போனைப் பார்த்துவிட்டு, "ஏழாவது பாட்டை மட்டும் கேட்டிருக்கலாம்" என்று முனகினார்.

கதவு திறந்தது. கம்பெனிக்காரர் துள்ளி எழுந்தார். "எழுதிட்டீங்களா சார்?"

மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையில் அவள் எழுதிய தாள் அப்படியே இருந்தது. அவளைப் பார்த்தார், கீழே பார்த்தார், செருமினார்.

"அன்னைக்குக் கூடத்துல... நீ என்ன சொல்ல வந்தே?"

மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறார். அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் விழுங்கவில்லை.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க."

'கோளாறு இல்லை' என்பதற்குக் கீழே போட்டார். அவள் தாளை வாங்கிச் சரிபார்த்துக் கம்பெனிக்காரர் கையில் திணித்து, "அந்த ரெண்டு பொரிச்சலைச் சரிபண்ணிட்டு அச்சுக்குப் போகலாம் சார்" என்றாள். பிறகு மாமாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க. சொல்றேன். நடுவுல நான் எவ்வளவு நேரம் நின்னாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."