கேற்றடியில் ஓட்டோ

மஜீட் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். கல்முனையில் தான் நடத்தும் கம்பியூட்டர் திருத்தும் கடைக்குள் மச்சான் இதற்குமுன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்பதால் றிஸ்மிக்குக் கை கால் ஓடவில்லை.

யாரோ வெள்ளைக்காரன் செய்த கார் ஓட்டும் கேமை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அதிலிருந்த நகரத்தைத் தூக்கிவிட்டு, சுனாமிக்கு முந்திய கடற்கரை வீதியை உள்ளே வைத்திருந்தான் றிஸ்மி. மோட் என்று அதற்குப் பெயர். வெளிநாடுகளில் ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிற வேலையை ஒற்றை ஆளாகச் செய்து, யுத்தம் முடிந்த இந்த வருடம்தான் இன்டர்நெட்டில் போட்டான். பள்ளிவாசல் மினாரா, மீன் வாடி, மதிலில் காயும் சாரன் எல்லாம் அச்சொட்டாக இருந்தன. கட்டாரில் இருந்தெல்லாம் ஊர்க்காரர்கள் அழுதுகொண்டு எழுதினார்கள்.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. வீடுகளுக்கு உள் கிடையாது, வெளிச்சுவர் மட்டும்தான். சம்மாந்துறைப் பக்கம் திருப்பினால் ரோட்டு முடிந்து வண்டி பாதாளத்தில் விழும். தெருவில் நடப்பவர்கள் கேமோடு வந்தவர்கள். கோட்டும் தொப்பியுமாக நம் வெயிலில் திரிந்தார்கள். ஆமிக்காரரின் சென்றிப் பொயின்றை அவன் வைக்கவேயில்லை. யாராவது வந்து விசாரித்தால் யார் பதில் சொல்வது?

காருக்குப் பதிலாக வைத்த ஓட்டோவின் ஹோர்ன் மட்டும் அசல். மஜீட் பிழைப்புக்கு ஓடும் ஓட்டோவில் பதிந்தது. எதற்கென்று கேட்காமலே அவர் அடித்துக் கொடுத்திருந்தார்.

"எங்கட ஊட்டடிக்கிப் போகேலுமா?" என்றார் மஜீட்.

ஊர் வழக்கப்படி அது றிஸ்மியின் அக்கா, ராத்தா றாஹிலாவுக்கு வாப்பா கட்டிக் கொடுத்த வீடு. மஜீட் அங்கே வாழ வந்த மாப்பிள்ளை. வீட்டோடு ராத்தாவையும் கடல் கொண்டுபோய்விட்டது. கீபோர்டில் எந்தக் கட்டையை அமர்த்துவதென்று றிஸ்மி காட்டக் காட்ட, ஓட்டோ குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பச்சைக் கேற்றின் முன் நின்றது. இவ்வளவு சரியாக ஏன் செய்து தொலைத்தோம் என்று றிஸ்மி நினைத்தான்.

தெருவில் நின்று பெண்டாட்டியின் பெயரைக் கூப்பிடுகிற பழக்கம் மஜீடிடம் இல்லை. இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார், ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வருவாள். சுனாமி வந்த அன்று காலை அவருக்குச் சம்மாந்துறைக்கு ஆளேற்றிப் போக ஒரு ஹயர் வந்தது. சாச்சி வீட்டுக்குப் போக நின்றவளிடம், உடுத்துக்கொண்டு இரு, வந்து ஹோர்ன் அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடல் வருகுது என்று அடுத்த வீட்டு ஹுஸ்னியா கத்திக்கொண்டு ஓடியபோதும், அவர் இப்ப வந்திடுவார் என்று ராத்தா நின்றுவிட்டாளாம்.

"ஹோர்ன் எது?"

றிஸ்மி காட்டினான். மஜீட் இரண்டு தரம் அடித்தார். அதே கரகரப்பு. கேற்றடியில் நின்ற கோட்டுக்காரன் துள்ளி விலகி ஓடினான். ஹோர்ன் கேட்டால் ஆட்கள் விலகி ஓடுவார்கள்; அந்தக் கேமில் அதற்குமேல் ஒன்றுமில்லை.

"உள்ளுக்கு ஒண்டுமில்ல மச்சான். சுவர்தான் இரிக்கி."

"பொறு றிஸ்மி. உடுத்திட்டு வருவா."

ஒரு மாதம் குந்தியிருந்தால் கேற்றைத் திறக்க வைக்கலாம். அதற்குள்ளிருந்து யாரைக் கொண்டுவருவது? றிஸ்மியின் கை சுவிட்ச் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

திரையில் கோட்டுக்காரன் நடந்து வந்து பழையபடி கேற்றடியில் நின்றான். மஜீட் கதிரையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இரண்டு தரம் அடித்தார். அவன் மறுபடியும் ஓடினான்.