வால் பலகைக்கு இன்னொரு பூச்சு

பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக, மெரின் ஆறு வருடமும் கொட்டகையிலேயே கிடந்து கட்டிய விமானம் அது. இன்று கடைசிச் சோதனை. மூக்கு குத்தி இறங்கி, நூற்று நாற்பது நாட், அதாவது மணிக்கு இருநூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். நடுங்காமல் நின்றால் அனுமதி. நடுங்கினால் ஆறு வருட உழைப்பும் மண்.

டெமோரா ஊருக்கு மேலே ஆறாயிரம் அடியில் மூக்கைச் சாய்த்தாள். அதுவரை இறக்கைகள் தாங்கி நின்ற எடை, இப்போது விமானத்தை முன்னால் இழுக்கத் தொடங்கியது. எதிர்த்து நிற்பது காற்றின் தடைதான். வேகம் ஏற ஏற விமானம் தானாக மூக்கைத் தூக்கப் பார்த்தது. ஓட்டும் பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

நூற்று முப்பதில் பிடி உள்ளங்கையில் குறுகுறுத்தது. அடுத்த நொடி முழங்கை வரை உதறியது. பதறி வெடுக்கென்று இழுத்தால் இறக்கையே முறியும். எஞ்சினைக் குறைத்து, மெல்ல மெல்ல மூக்கைத் தூக்கினாள். உதறல் அடங்கியது.

இறங்கியதும் கணவன் வாரிக் ஓடிவந்தான்.

"வால் பலகை உதறுது, வாரிக். எடை பாத்துத்தான மாட்டினேன்?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "போன மாசம் நீ தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப... அதைக் கழட்டி இன்னொரு கோட் அடிச்சேன். பெயிண்ட் வழிஞ்சு அசிங்கமா இருந்துச்சு."

"அப்புறம் எடை பாத்தியா?"

"பெயிண்டுக்கு என்ன பெரிய எடை?"

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை கீலில் ஆடுவது. கீலுக்குப் பின்னால் ஏறும் எடைக்கு ஈடாக முன்னால் ஈயம் வைக்காவிட்டால், வேகத்தில் காற்று அந்தப் பலகையைப் பிடித்து உலுக்கும். அவனுக்கு அது எங்கே தெரியும்?

"என்னைக் கொல்லப் பாத்திருக்க. அதுவும் பளபளன்னு."

அவன் கண் கலங்கிவிட்டது. மெரினுக்குக் கோபம் வந்ததுதான். ஆனாலும் அவள் கட்டியதில் கோளாறில்லை என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

கீல்களில் விரிசல் இருக்கிறதா என்று இருவருமாகத் தடவிப் பார்த்தார்கள். ஈயம் சேர்த்து, எடையைச் சமன் செய்தார்கள். மறுநாள் காலை மறுபடியும் மேலே போனாள்.

நூற்று முப்பது. முப்பத்தைந்து. நூற்று நாற்பது. பிடி அசையவே இல்லை.

"மெரின், ஏதாவது பேசு," என்றது வானொலியில் வாரிக்கின் குரல்.

"நூத்தி நாப்பது. ஒரு நடுக்கமும் இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். விமானத்தில் ஏறச் சொன்னாலே பத்தடி தள்ளி நிற்கிற மனிதன் கேட்டான், "அடுத்த தடவை நானும் வரட்டுமா?"

"வா. ஏறுறதுக்கு முன்னாடி உன்னையும் எடை போடுவேன்."